உடலும் நாமும்: விளையாட்டில் விழுந்த பிள்ளையை வைத்தியரிடம் காட்டுமுன்

பாடசாலைகளில் முதலாம் தவணை என்றாலே இல்ல விளையாட்டுப் போட்டிதான். கொள்ளுப்பிட்டியில் மெதடிஸ்த கல்லூரி போன்ற பெண்கள் பாடசாலைகளுக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ்ஸில் வரும் எமது பிள்ளைகள் அந்த நாட்களில் ஓட்டம், தடைதாண்டல், வலைப்பந்தாட்டம் என்று பயிற்சி முடித்து நேரம் தாழ்த்தியே வீடு திரும்புவார்கள். விடுமுறை நாளில் காலி முகத்திடலில் பந்தடிக்கும் சிறுவர்களும் குறைவில்லை. ஓடி விளையாடும் இடத்தில் விழுதலும் இருக்கும். பெரும்பாலான விழுதல்கள் சிராய்ப்போடு போய்விடும். ஆனால் சில விழுதல்கள் அப்படியல்ல. எது எது என்று பிரித்தறிவதே வைத்தியப் பரிசோதனையின் வேலை.

யுத்தத்தைக் கடந்து வந்த தாய்மார் பலரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தால், "ஷெல்லுக்குள்ளாலயே தப்பி வந்தனாங்கள், இது என்ன பெரிய காயமே?" என்று சொல்லி நல்லெண்ணெய் பூசி உருவி விடுவோம். எமது சொந்த நோவையும் அப்படித்தான் அடக்குகிறோம். பங்கருக்குள் இருந்த நாட்களில் அந்த அடக்கம் எம்மைக் காப்பாற்றியது. இன்று அது எமக்கும் பிள்ளைக்கும் தீங்கு செய்யக்கூடும். உடைந்த எலும்புக்கு நாங்கள் எதைத் தாங்கி வந்தோம் என்பது தெரியாது. அதற்கு வேண்டியது சரியான நேரத்தில் சரியான பரிசோதனை மட்டுமே.

பரிசோதனை என்றால் வைத்தியர் செய்வார், நாம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது என்று எண்ணிவிடக் கூடாது. அதில் பாதி வேலை எம்முடையது. விழுந்த இடத்தில் என்ன பார்க்க வேண்டும், வைத்தியரிடம் எதைச் சொல்ல வேண்டும், அவர் எந்த ஒழுங்கில் பரிசோதிப்பார், வீடு திரும்பிய பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

விழுந்த இடத்தில்

முதலில் பார்க்க வேண்டியது கையும் காலுமல்ல, தலையும் கழுத்தும்தான். தலை அடிபட்டுச் சிறிது நேரமேனும் நினைவு தப்பியதா? வாந்தி எடுத்தாளா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாளா? வழமைக்கு மாறாக நித்திரை தூங்குகிறாளா? தலையிடி நேரம் போகப் போகக் கூடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலை. கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது. கிடந்தபடியே அசையாமல் வைத்து அம்புலன்ஸை அழைக்க வேண்டும். 2016இல் தொடங்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அதற்குக் கட்டணம் இல்லை.

தலை அடிபட்டு மயக்கமோ தடுமாற்றமோ வந்த பிள்ளை சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாலும் அன்று மீண்டும் மைதானத்தில் இறங்கக் கூடாது. போட்டியில் எத்தனை புள்ளி பிந்தி நின்றாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

தலையும் கழுத்தும் நலமென்றால் காயம் பட்ட இடத்துக்கு வருவோம். கை கால் வளைந்து உருமாறியிருந்தால் நேராக்க முயல வேண்டாம். இருந்த நிலையிலேயே மட்டையோ மடித்த பத்திரிகையோ வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், காப்பு, கொலுசு, சப்பாத்து ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றி விடுங்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைக்கலாம். தோலில் நேராக வைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எண்ணெய் தேய்த்து உருவுவதும் சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை உருவினால் வீக்கம் கூடும். எலும்பு உடைந்திருந்தால் விலகவும் கூடும்.

எமது ஊர்களில் முறிவு நெறிவு வைத்தியருக்குத் தனி மதிப்புண்டு. அவர்களில் கைராசிக்காரர் பலர் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவரிடம்தான் போவது என்று முடிவெடுத்தாலும் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் போவதே பாதுகாப்பு. பிள்ளைகளின் முழங்கை முறிவில் இது மிகவும் முக்கியம். அந்த இடத்தால் போகும் இரத்தக் குழாயும் நரம்பும் அமுங்கினால் கையே சூம்பிப் போகலாம்.

எங்கே போவது?

எலும்பு உருமாற்றம், திறந்த காயம், விரல் குளிர்ந்து வெளிறுதல், விறைப்பு, தாங்க முடியாத நோவு என்பவை இருந்தால் அன்றே, அந்த நேரமே, அரச வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. கொள்ளுப்பிட்டியிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கொழும்பு தேசிய வைத்தியசாலை கிட்ட. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. சிறு பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. இவற்றில் பரிசோதனைக்குப் பணமில்லை.

கொள்ளுப்பிட்டியில் சனல் பண்ணிப் பார்க்கும் எலும்பு வைத்திய நிபுணர்கள் நிறையப் பேர். கையில் காசிருந்தால் போகலாம். ஆனால் நிபுணரின் நேரம் கிடைக்கும்வரை மூன்று நாள் காத்திருந்து, அவசரமான காயத்தை ஆறப்போடுவது பிழை. காசு சேரட்டும் என்று காத்திருப்பதும் அப்படியே.

போகுமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை

வைத்தியர் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, நாம் சொல்லும் கதையில் பாதி நோய் பிடிபட்டு விடும். வரிசையில் நின்று களைத்து உள்ளே போனதும் எல்லாம் மறந்து போகும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம். எழுத வேண்டியவை இவை:

• எப்படி விழுந்தாள்? கையை ஊன்றியா, முழங்கால் குத்தியா, பாதம் உட்பக்கம் மடிந்தா? ஒருவர் இடித்து விழுந்தாளா, தானாகத் திரும்பும்போது விழுந்தாளா?

• விழும்போது உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டதா? முழங்காலில் அப்படிக் கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் வீங்கினால் மூட்டின் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். லிகமன்ட் எனப்படும் இணைப்பு நார் அறுந்திருக்கவோ எலும்பு உடைந்திருக்கவோ கூடும். மெல்ல மெல்ல மறுநாள் வீங்கினால் பெரும்பாலும் காயம் அதைவிட இலேசானது.

• விழுந்த உடனே எழும்பி நாலு அடி நடக்க முடிந்ததா? இப்போது முடிகிறதா?

• மூட்டு இறுகிப் பூட்டிக்கொள்கிறதா? நடக்கும்போது கால் நழுவி மடிகிறதா?

• அதே இடத்தில் முன்பு காயம் பட்டதுண்டா? முன்பு எப்போதாவது எலும்பு உடைந்ததா?

• என்ன மருந்து எடுக்கிறாள்? எந்த மருந்து ஒத்துவராது? கடைசியாக எப்போது சாப்பிட்டாள்? மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் இது தேவைப்படும்.

• தோல் கிழிந்திருந்தால் ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது?

காயப்பட்டவர் வயது வந்த பெண் என்றால் கடைசி மாதவிலக்குத் திகதியையும் எழுதுங்கள். எக்ஸ்ரே எடுக்குமுன் கேட்பார்கள். பிள்ளையின் முன்னிலையிலோ பிறர் முன்னிலையிலோ சொல்லக் கூச்சமென்றால் எழுதிய தாளை நீட்டினால் போதும்.

எமது உடலில் இருக்கும் பழைய கணக்கு

இனிச் சொல்வது எமது வாசகிகள் பலருக்கும் தனியே பொருந்துவது. ஊர் விளையாட்டு விழாவில் கயிறிழுக்கப் போய் விழுந்தவர் நீங்களே என்றாலும், சிறு வயதில் காயப்பட்ட உங்கள் மகள் இன்று இளம்பெண்ணாக விளையாடுகிறாள் என்றாலும் இதைக் கவனியுங்கள்.

உடலில் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறது என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முழங்கால் இணைப்பு நார் அறுந்ததா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பொறி மிகப் பலமான காந்தம். உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அது இழுக்கலாம், அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்குள் அல்லது கண்ணுக்கு அருகில், பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில், முள்ளந்தண்டுக்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து மிகப் பெரிது. முன்கூட்டியே சொன்னால் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே, எவ்வளவு என்று பார்த்து, ஸ்கான் எடுக்கலாமா, வேறு வழி தேடுவதா என்று தீர்மானிப்பார்கள். துண்டு இருக்கிறதா இல்லையா என்று உறுதியில்லை என்றாலும் சொல்லுங்கள். காயம் பட்ட ஞாபகம் இருந்தாலே சொல்லப் போதுமான காரணம்தான். முன்பு வைத்த தகடு, ஆணி, கம்பி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

தழும்பைக் காட்டத் தயங்குவோர் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. சோதனைச் சாவடியில் உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலே சந்தேகத்தோடு பார்த்த காலத்தை நாம் கொழும்பில் கண்டிருக்கிறோம். ஆகவே ஒன்றைத் தெளிவாக மனதில் வையுங்கள். உடலில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தப் பரிசோதனைக்கு வேண்டும். எங்கே, எப்படி, ஆரால் என்ற கதையைச் சொல்ல வேண்டியதில்லை. "இடது தொடையில் இரும்புத் துண்டு இருக்கிறது, 2009இல் பட்டது" என்றால் போதும்.

இன்னொன்று. பழைய காயத்தால் காலிலோ கையிலோ உணர்ச்சி மங்கிய இடங்கள் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் எலும்பு உடைந்தாலும் நோகாது. "நோகவில்லை என்கிறாள், அப்படியென்றால் உடையவில்லை" என்று வைத்தியர் எண்ணிவிட இடம் கொடுக்கக் கூடாது. நீரிழிவு நோயால் பாதம் விறைத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எம்மில் பலரிடம் பழைய வைத்தியத் துண்டுகளோ எக்ஸ்ரே படங்களோ மிஞ்சவில்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு வேலை செய்யலாம். ஒரு கொப்பித் தாளில் மனித உடலின் உருவத்தை முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டாக வரையுங்கள். சித்திரம் அழகாக இருக்க வேண்டியதில்லை. துண்டு இருக்கும் இடம், தகடு இருக்கும் இடம், உணர்ச்சி இல்லாத இடம், சத்திரசிகிச்சைத் தழும்பு ஆகியவற்றைப் புள்ளியிட்டு ஆண்டையும் எழுதுங்கள். கிளினிக் கொப்பியின் உள் அட்டையில் அதை ஒட்டி விடுங்கள். மயங்கிய நிலையில் உங்களைக் கொண்டுபோனாலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

வைத்தியர் என்ன ஒழுங்கில் பார்ப்பார்?

நல்ல பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கேட்டல், பார்த்தல், தொடுதல், அசைத்தல், பிறகு இரத்தவோட்டமும் நரம்பும். ஒழுங்கைத் தெரிந்து வைத்திருந்தால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அடுத்து என்ன வருமென்று தெரிந்த பிள்ளை அவ்வளவாகப் பயப்படாது.

பார்த்தல்: காயப்பட்ட காலை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முழங்கால் என்றால் தொடை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். ஆகவே இறுக்கமான நீளக் காற்சட்டை வேண்டாம். தளர்ந்த பாவாடையோ அரைக் காற்சட்டையோ உடுத்திப் போங்கள். கை, தோள் என்றால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வசதி.

தொடுதல்: நோகும் இடத்திலிருந்து தூரத்தில் தொடங்கி, நோகும் இடத்தைக் கடைசியில் தொடுவது நல்ல முறை. பிள்ளையிடம் "எந்த இடம் நோகுது, ஒரு விரலால் காட்டு" என்று முன்பே பழக்கி வையுங்கள். முழுக் கையால் காலைத் தடவிக் காட்டுவதைவிட ஒரு விரலால் காட்டும் புள்ளி வைத்தியருக்கு நூறு மடங்கு உதவும்.

அசைத்தல்: முதலில் பிள்ளை தானே அசைக்க வேண்டும். பிறகுதான் வைத்தியர் அசைத்துப் பார்ப்பார். காயத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுகளையும் பார்ப்பார். "முழங்கால்தானே நோகுது, ஏன் இடுப்பைத் திருப்புகிறார்?" என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளில் இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்கால் நோவாக வெளிப்படுவது உண்டு. முழங்காலை மடித்துக் கெண்டைக்கால் எலும்பை முன்னே இழுத்துப் பார்ப்பது இணைப்பு நார் உறுதியாக இருக்கிறதா என்று அறியத்தான்.

இரத்தவோட்டமும் நரம்பும்: பாதத்தின் மேற்புறத்தில் அல்லது மணிக்கட்டில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். நகத்தை அமுக்கி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல்களை அசைக்கச் சொல்வார். தொடுவது தெரிகிறதா என்று கேட்பார். இந்தப் பகுதி விடுபட்டதாகத் தோன்றினால், "டொக்டர், இரத்தவோட்டம் சரியாக இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்பதில் எந்தப் பிழையும் இல்லை.

எல்லாக் காயத்துக்கும் எக்ஸ்ரே வேண்டுமா?

"எக்ஸ்ரே எடுக்கவில்லை, சும்மா தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்" என்று குறைப்படுவோர் உண்டு. கணுக்கால் மடிந்து வருவோரில் பெரும்பாலானோருக்கு எலும்பு உடைந்திருப்பதில்லை. 1992ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இதற்கு எளிய விதியொன்றை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த விதி சொல்வது இதுதான். கணுக்காலின் உள்மொழி, வெளிமொழி எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் வரை அமுக்கினால் நோகிறதா? பாதத்தின் வெளியோரத்தில் நடுவே துருத்தும் எலும்பிலோ, உள்ளோரத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பிலோ நோகிறதா? விழுந்த உடனேயும் பரிசோதிக்கும் நேரத்திலும் நாலு அடி நடக்க முடியாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஓம்' என்றால் எக்ஸ்ரே வேண்டும். எதற்கும் 'இல்லை' என்றால் எலும்பு உடைந்திருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நாலு அடி என்பது நொண்டி நொண்டி வைத்தாலும் நாலு அடிதான். காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இந்த விதியை நம்ப முடியாது. பழைய காயத்தை மறைக்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. எக்ஸ்ரே எடுத்தும் முறிவு தெரியாமல் போகலாம். கையை ஊன்றி விழுந்தவருக்குப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கமாகத் தெரியும் குழியில் அமுக்கினால் நோகிறது என்றால் அங்குள்ள சிறு எலும்பு வெடித்திருக்கலாம். முதல் நாள் படத்தில் அது தெரியாமல் இருப்பது வழமை. அதனால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் வரச் சொல்வார்கள். நோவு குறைந்துவிட்டது என்று அந்தத் திகதியைத் தவற விட்டால் எலும்பு பொருந்தாமல் போய், மணிக்கட்டு ஆயுளுக்கும் தொல்லை தரலாம்.

வீக்கமும் நோவும் கடுமையாக இருக்கும்போது இணைப்பு நாரைச் சரியாகப் பரிசோதிக்க முடியாது. பிள்ளை தசையை இறுக்கிக்கொள்ளும். அதனால் நாலைந்து நாள் கழித்து வீக்கம் வற்றியதும் மீண்டும் பார்ப்பார்கள். இரண்டாம் முறை வரச் சொன்னால் அது அலைக்கழிப்பு அல்ல. பரிசோதனையின் மறுபாதி அதுதான்.

தொடுவதற்கு முன் அனுமதி

பிறர் கை உடலில் படும்போது எம்மில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், உடல் விறைக்கும், குரல் வராது. நடந்தவற்றை உடல் மறப்பதில்லை. இது பைத்தியமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. இப்படி வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே திட்டமிடலாம்.

பெண் வைத்தியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். திரையை இழுத்து மூடச் சொல்லுங்கள். தாயோ சகோதரியோ சிநேகிதியோ கூட நிற்கலாம். "எனக்குச் சொல்லிப்போட்டுத் தொடுங்கோ, நான் கை உயர்த்தினால் நிப்பாட்டுங்கோ" என்று தொடங்குமுன் சொல்லி வையுங்கள். காரணம் கேட்டால் "எனக்குப் பயம்" என்ற ஒரு சொல் போதும். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் உடலைப் பரிசோதிக்க எவருக்கும் உரிமையில்லை. வளர்ந்த பெண்பிள்ளைக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள். பயிற்றுநர் "நான் உருவி விடுறன்" என்று தனியறைக்குக் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

மொழியும் ஒரு தடை. கொழும்பு வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. முடியாவிட்டால் சில சொற்களைப் பாடமாக்கி வையுங்கள். 'மெத்தன ரிதெனவா' என்றால் இந்த இடம் நோகிறது. 'இதிமிலா' என்றால் வீங்கியிருக்கிறது. 'ஹிரி வெட்டிலா' என்றால் விறைத்திருக்கிறது. 'யகட கெல்லக் தியெனவா' என்றால் இரும்புத் துண்டு இருக்கிறது. இந்த நாலும் பெரும் உதவி.

வீட்டுக்கு வந்த பின்: சென்னையில் நடந்தது

கட்டுப் போட்டாகிவிட்டது, பிளாஸ்டர் போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நாம் ஆறுதலடையும் நேரத்தில்தான் இன்னுமொரு பரிசோதனை தொடங்குகிறது. அதைச் செய்ய வேண்டியவர் வைத்தியர் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் நாமும்தான்.

2022 நவம்பரில் சென்னையில் நடந்ததைத் தமிழ்த் தாய்மார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பிரியா என்ற 17 வயதுப் பெண் உதைபந்தாட்ட வீராங்கனை. வியாசர்பாடியைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ராணி மேரிக் கல்லூரி மாணவி. முழங்கால் இணைப்பு நார் கிழிந்ததால் அரச மருத்துவமனை ஒன்றில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின் காலில் போட்ட இறுக்கக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டது. வீக்கமும் நோவும் கூடின. பெரிய மருத்துவமனைக்கு மாற்றிக் காலையே அகற்றினார்கள். அப்படியும் சிறுநீரகம் முதலிய உறுப்புகள் செயலிழந்து நவம்பர் 15ஆம் திகதி அவர் இறந்தார். கட்டு இறுக்கமாகப் போடப்பட்டதில் கவனக்குறைவு நடந்ததைத் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இரண்டு வைத்தியர்கள் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். போன உயிர் போனதுதான்.

எமது கை கால்களில் தசைகள் உறை போட்ட அறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறும்போது வெளியே இறுக்கிய கட்டும் சேர்ந்தால் அறைக்குள் அழுத்தம் கூடி இரத்தம் உள்ளே போக முடியாமல் போகும். சில மணி நேரத்துக்குள் அந்த இறுக்கத்தை நீக்காவிட்டால் தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கட்டுப் போட்ட பின்பு மட்டுமல்ல, கடும் அடிபட்ட காலில் கட்டே இல்லாமலும் இது வரலாம்.

ஆகவே கட்டோ பிளாஸ்டரோ போட்ட முதல் இரண்டு நாட்களும், இரவிலும்கூட, சில மணிக்கொரு தடவை பாருங்கள். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். மற்றக் கையின் அல்லது காலின் விரல்களோடு ஒப்பிடுங்கள். குளிர்ந்திருக்கிறதா? வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா? நகத்தை அமுக்கி விட்டால் சிவக்கிறதா? விறைக்கிறதா? விரலை நீங்கள் மெல்ல நீட்டினால் பிள்ளை துடிக்கிறதா? மருந்து கொடுத்தும் நோவு அடங்காமல் ஏறிக்கொண்டே போகிறதா?

கடைசி இரண்டும்தான் முதலில் வரும் அடையாளங்கள். வெளிறவும் விறைக்கவும் தொடங்கும்வரை காத்திருந்தால் நேரம் பிந்திவிடும். துணிக்கட்டு என்றால் உடனே தளர்த்தி விட்டு, பிளாஸ்டர் என்றால் அப்படியே, வைத்தியசாலைக்கு விரையுங்கள். வார்ட்டில் படுத்திருக்கும்போது இது நடந்தால் தாதியிடம் சொல்லுங்கள். "கட்டுப் போட்டால் நோகத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பினால் மீண்டும் போய்ச் சொல்லுங்கள். விரலைக் காட்டி வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தொல்லை கொடுக்கிறவள் என்று பெயர் வந்தால் வரட்டும். அடக்கமாக இருப்பதற்கான நேரம் இதுவல்ல.

விளையாட்டை நிறுத்த வேண்டாம்

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "இனி விளையாட்டே வேண்டாம், பொம்பிளைப் பிள்ளை வீட்டில் இருக்கட்டும்" என்று முடிவெடுத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காக ஆடி, 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வெல்லத் துணை நின்றதை நாம் பார்த்தோம். இந்தியாவின் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2016 றியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டார். சத்திரசிகிச்சை, நீண்ட பயிற்சி என்று பொறுமையோடு இருந்து 2018 ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். ஓடுவதும் குதிப்பதும் பிள்ளையின் எலும்புக்கு உரம். மனதுக்கும் உரம். எமக்குக் கிடைக்காத மைதானம் எமது பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

மைதானத்துக்குத் திரும்பும் நாளை மட்டும் நாட்காட்டியும் பயிற்றுநரும் தீர்மானிக்கக் கூடாது. வீக்கம் இல்லை, மூட்டு முழுதாக மடிந்து நீள்கிறது, காயப்பட்ட காலில் தனியே நின்று துள்ள முடிகிறது, நோவில்லாமல் ஓட முடிகிறது என்ற நிலை வந்து, வைத்தியரோ இயன்மருத்துவரோ சரி என்ற பிறகு இறங்கட்டும்.

பிள்ளை விழும்வரை காத்திராமல் இன்றே மூன்று காரியம் செய்து வையுங்கள். உடல் உருவம் வரைந்து உங்கள் பழைய காயங்களைப் புள்ளியிட்ட தாள் ஒன்று. 1990 என்ற இலக்கம் எழுதிய துண்டு ஒன்று, பிள்ளையின் பாடசாலைப் பையிலும் வீட்டுச் சுவரிலும். அயலில் சிங்களம் தெரிந்து, இரவிலும் கூட வரக்கூடிய ஒருத்தியின் சம்மதம். இந்த மூன்றும் காசு கேட்காதவை.

நோகிறது என்று பிள்ளை சொல்லும்போது நம்புங்கள். உங்களுக்கு நோகிறது என்றால் நீங்களும் சொல்லுங்கள்.